நாற்பது சராசரிக் கோட்டுகள்

ரத்த ஆபீஸைப் பற்றி நான் குறை சொல்வது நியாயமில்லை. என் ஜெராக்ஸ் கடையில் ஓடுகிற தாளில் பாதிக்கு மேல் அந்த ஆபீஸுக்குப் போகிற தாள்தான். எதைக் கொடுத்தாலும் மூன்று நகல் கேட்பார்கள். மூன்றையும் கொடுத்தால் மூலம் எங்கே என்பார்கள். மூலத்தைக் கொடுத்தால் அதற்கும் ஒரு நகல் வேண்டும் என்பார்கள். அந்த வகையில் எனக்குப் படியளக்கிற சாமி அது. இருந்தாலும் பக்கத்துக் கடை டெய்லர் மாஸ்டருக்கு நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அதன் உண்மையான பெயர் ‘இயற்கைப் பின்புலக் கதிர்வீச்சு மரபணு ஆய்வு நிலையம்’. அவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் பஸ் நிறுத்தம் தாண்டிவிடும் என்பதால் நாங்கள் ரத்த ஆபீஸ் என்போம். எங்கள் தெரு கடலோரத்தில் இருக்கிறது. கரையில் கிடப்பது கறுப்பு மணல். வெயில் பட்டால் மினுமினுக்கும். அந்த மணல் கதிர் வீசுகிறதாம். யாரும் கொண்டுவந்து கொட்டியதில்லை, இயற்கையே கொட்டியது. மற்ற இடங்களில் ஒருவர் பல வருஷங்களில் வாங்குகிற கதிர்வீச்சை நாங்கள் ஒரே வருஷத்தில் வாங்கிக்கொள்கிறோம் என்று ஆபீஸ் வாசல் பலகை பெருமையாகச் சொல்கிறது, ஏதோ நாங்கள் பரிசு வாங்கியதுபோல.

வருஷத்துக்கு ஒருமுறை வேன் வரும். வரிசையில் நிற்போம். ஒரு குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டு இரண்டு பிஸ்கட் தருவார்கள். அந்த ரத்தத்திலுள்ள செல்களைக் கண்ணாடித் துண்டில் பரப்பி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, எத்தனை குரோமோசோம் உடைந்திருக்கிறது என்று எண்ணுவார்கள். எண்ணியதை என்ன செய்வார்கள் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. பிஸ்கட் நன்றாக இருக்கும்.

இந்த வருஷம் நிலையத்துக்கு வெள்ளி விழா. அந்த உற்சாகத்தில் வீட்டுக்கு வீடு ஒரு கடிதம் அனுப்பினார்கள். ‘தங்கள் தெருவாசிகளிடம் குரோமோசோம் சேதம் காணப்பட்டது. ஆயிரம் செல்லுக்குச் சராசரி 1.7. இது ஒப்பீட்டுக் குழுவிலிருந்து வேறுபடவில்லை. ஒத்துழைப்புக்கு நன்றி.’ நான் அதைப் படித்துவிட்டு, பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் கணக்குப் போட வைத்துக்கொண்டேன். மாஸ்டர் வீட்டில் அது அப்படிப் போகவில்லை.

மாஸ்டருக்கு ஒரே மகள். ஆரம்பப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஏழு மாத கர்ப்பம். அவளும் பதினெட்டு வயதிலிருந்து வேனுக்குக் கை நீட்டியவள். ஒன்பது குழாய் கொடுத்திருக்கிறாள். வரப்போகிற பேரனுக்கோ பேத்திக்கோ என்று மாஸ்டர் வெளிர் மஞ்சளில் மல் துணி வாங்கி, மடிப்புக் கலையாமல் மேஜைமேல் வைத்திருந்தார். சாக்குக் கட்டியைக் கையில் எடுத்த நேரத்தில் மகள் அந்தக் கடிதத்தோடு கடைக்கு வந்து, துணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“என் வகுப்புல சராசரி மார்க் அறுபதுப்பா. ஆனா அதுல ஒருத்தன் எட்டு மார்க் வாங்கியிருக்கான். இந்த ஒன்னு புள்ளி ஏழுல நான் அந்த எட்டா, இல்லையா? அதைக் கேட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் இந்தத் துணியில கத்திரி வைக்காதீங்க.”

மாஸ்டர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்ததை நான் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்திலிருந்தே பார்த்தேன். பயம் என்றால் வயிற்றில் குழந்தை இருப்பவளின் பயம்தான் பயம். அன்று மாலையே மாஸ்டர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ரத்த ஆபீஸுக்குப் போனார்.

அங்கே படிவ அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார். மூக்குக் கண்ணாடியைக்கூட மேலதிகாரி அனுமதி வாங்கித்தான் துடைப்பார் போலிருக்கும். அவர் பொறுமையாக விளக்கினார். நிலையத்தில் தெரு உண்டு, வயதுப் பிரிவு உண்டு, ஆண் பெண் உண்டு, சராசரி உண்டு. தனிநபர் என்று யாரும் கிடையாது.

“அப்ப அந்த ரத்தம் யாரோடது சார்?” என்று மாஸ்டர் கேட்டிருக்கிறார்.

“குழுவோடது.”

“ஊசி குத்தினது என் பொண்ணு கையிலங்க.”

“அது சேகரிப்புப் பிரிவு. அவங்களைத்தான் கேக்கணும்.”

ஆனாலும் ஒரு வழி இருந்தது. படிவம் ஒன்பது. இருபத்தைந்து வருஷத்தில் அதை யாரும் நிரப்பிக் கொடுத்ததில்லை என்பதால் அதிகாரி அலமாரியின் அடியிலிருந்து தூசி தட்டி எடுத்துத் தந்தார். மாஸ்டர் அதை என் கடைக்குக் கொண்டுவந்து கண்ணாடி மேஜைமேல் வைத்தார். முதல் மூன்று கேள்விகள் பெயர், வயது, முகவரி. நான்காவது கேள்வி: ‘விண்ணப்பதாரர் அறிய விரும்பும் சேத எண்ணிக்கை எவ்வளவு?’ அது தெரிந்தால் எதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று நானும் மாஸ்டரும் அரைமணி நேரம் யோசித்தோம். கடைசியில் மாஸ்டர் ‘தெரியாது’ என்று எழுதினார். மறுநாளே படிவம் திரும்பி வந்தது, ‘விவரம் முழுமையாக இல்லை’ என்ற முத்திரையோடு.

அடுத்து இயக்குநரையே பார்த்தார். இயக்குநர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிறகு முக்கால் மணி நேரம் பேசினார். அறிவியல் தனிமனிதனைப் பார்ப்பதில்லை, தனிமனிதன்தான் அறிவியலைப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு ஆளின் எண்ணிக்கைக்கு அர்த்தமே கிடையாது, அதை அறிந்துகொள்ள ஆசைப்படுவது ஒரு பலவீனம், தமக்கு அந்தப் பலவீனம் வந்ததே இல்லை என்றார். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மகள் கர்ப்பமாக இருப்பதை மட்டும் மறுபடி சொன்னார். இயக்குநர் வாழ்த்துச் சொன்னார். அப்படியே, விழாவுக்கு ஊழியர்கள் நாற்பது பேருக்கும் வெள்ளைக் கோட்டு தைக்க வேண்டும், நீங்களே தைத்துவிடுங்கள் என்றார்.

கேட்டுப் போனது மகளின் ரிசல்ட். வாங்கி வந்தது நாற்பது கோட்டு.

சரி, தைப்போம் என்று அளவு நோட்டைத் தூக்கிக்கொண்டு போனால், அளவெடுக்கத் தேவையில்லை என்று கொள்முதல் பிரிவு சொல்லிவிட்டது. அவர்களே ஆளாளுக்கு அளவு கேட்டு, கூட்டி வகுத்து, சராசரியை மட்டும் தாளில் எழுதி வைத்திருந்தார்கள்: மார்பு 38.6, தோள் 17.3, கை நீளம் 23.4. நாற்பது பேரின் சராசரி. நாற்பதும் அந்த அளவிலேயே இருக்க வேண்டும், அப்போதுதான் தணிக்கையில் கேள்வி வராது. மாஸ்டர் முப்பது வருஷமாக மனித உடம்புக்குத் துணி தைப்பவர். அந்தத் தாளை என்னிடம் காட்டி, ‘இந்த ஆளை நான் பார்த்ததே இல்லையே’ என்றார். ஆனால் ஆர்டர் ஆர்டர்தான். தைத்துக் கொடுத்தார்.

போட்டுப் பார்த்த நாளில் நானும் பில் நகலோடு போயிருந்தேன். அந்தக் காட்சியை நினைத்தால் இன்னும் எனக்குச் சிரிப்பு அடங்குவதில்லை. கிடங்குப் பொறுப்பாளருக்கு முதல் பட்டனும் காஜாவும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. ரத்தம் எடுக்கிற பெண்ணின் விரல்கள் கோட்டின் கைக்குள் காணாமல் போய், ஊசியை எங்கே பிடிப்பது என்று தேடினாள். படிவ அதிகாரி கோட்டுக்குள் இருக்கிறாரா என்று கூப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரே ஒருவருக்குத்தான் கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் வாட்ச்மேன். அவர் பெயர் பட்டியலிலேயே இல்லை. சும்மா ஆசைக்குப் போட்டுப் பார்த்தார்.

இயக்குநர் வந்து எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் தைத்து நிறுத்தியதுபோல அவர் கோட்டே இழுத்துக்கொண்டிருந்தது.

“அளவுல தப்பில்ல” என்றார். “ஊழியர்கள்தான் சராசரியிலேருந்து விலகியிருக்காங்க.”

ஊழியர்களைத் திருத்துவதற்கு விழாவுக்குள் நேரம் போதாது என்பதால் கோட்டைத் திருத்துவதென்று முடிவாயிற்று. அலுவலக நேரத்தில் தனிப்பட்ட உடம்பை அளக்க விதியில் இடமில்லை. ஆகவே மாஸ்டர் மாலையில் ஊழியர் குடியிருப்புக்குப் போய், வீடு வீடாக அளவெடுக்க வேண்டும். குடியிருப்பு ஆபீஸுக்குப் பின்னாலேயே இருக்கிறது. எங்கள் தெருவாசிகள் யாரும் அதற்குள் போனதில்லை, போக அனுமதியும் கிடையாது. நாங்கள் ஆய்வுக்கு உட்பட்டவர்கள். கலந்து பழகினால் முடிவு கெட்டுப்போகுமாம்.

மூன்றாவது நாள் மாஸ்டர் போன வீடு, கண்ணாடித் துண்டுகளைப் பார்த்து எண்ணுகிற பெண்ணுடையது. எல்லோரும் அவளை ஸ்லைடு அக்கா என்போம். மாஸ்டர் மகள் வயதுதான் இருக்கும், ஆறு வருஷமாக அங்கே குடியிருக்கிறாள். தோளளவு எடுக்கும்போது மாஸ்டரின் கண் அவளுக்குப் பின்னாலிருந்த சுவரில் நின்றது. சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் பூச்சு தெரிந்தது. மாலை வெயில் ஜன்னல் வழியாக விழுந்து அந்தப் பூச்சு மினுமினுத்தது. மாஸ்டர் விரலால் தடவிப் பார்த்தார். எங்கள் கரை மணல். வாசலுக்கு வந்து தரையைப் பார்த்தார். அதுவும் எங்கள் மணல். கட்டிடம் கட்டும்போது பக்கத்திலேயே மணல் கிடைக்க, அள்ளிக் கட்டியிருக்கிறார்கள்.

அப்போதும் மாஸ்டருக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பேச்சு வாக்கில்தான், கடிதத்தில் ஒப்பீட்டுக் குழு என்று வருகிறதே, அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்டார்.

ஸ்லைடு அக்கா வாசல் கதவைச் சாத்தினாள். பிறகு சொன்னாள். விதிப்படி ஒப்பீட்டுக்கு வேண்டியவர்கள் கறுப்பு மணல் இல்லாத தூரத்து ஊரில் இருக்க வேண்டும். முதல் வருஷம் அங்கே போக வேன் கேட்டு எழுதினார்கள். அந்த ஊர் நிலையத்தின் எல்லைக்கு வெளியே இருப்பதால் வேன் போக முடியாது என்று பதில் வந்தது. எனவே தற்காலிகமாக ஊழியர்களே ரத்தம் கொடுத்தார்கள். அந்தத் தற்காலிகத்துக்குத்தான் இப்போது வெள்ளி விழா. தெருவாசி ஒவ்வொருவருக்கும் அதே வயதில் ஒரு ஊழியர் ஜோடி. இரண்டு பேர் எண்ணிக்கையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷமே இது சரியில்லை என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தாள். படிவ எண் குறிப்பிடாததால் அது திரும்பி வந்துவிட்டது.

மாஸ்டர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

“டேப் சரியா இருக்கான்னு அதே டேப்பை வச்சு அளந்து பார்த்தா, எப்பவும் சரியாத்தானம்மா இருக்கும்.”

“ஆமாங்க” என்றாள் அவள். “அதைத்தான் இருபத்தஞ்சு வருஷமா கண்டுபிடிச்சிருக்கோம்.”

விழா காலை பத்து மணிக்கு. ஒன்பதரைக்கு மாஸ்டர் இயக்குநர் அறையில், வாயில் நாலு குண்டூசியோடு, அவர் கோட்டின் கையைக் கடைசியாகச் சரி செய்துகொண்டிருந்தார். அன்றைய பேச்சின் முப்பது நகலோடு நான் வாசலில் நின்றேன். இயக்குநர் கண்ணாடி முன்னால் பேச்சை ஒத்திகை பார்த்தார். அதில் முக்கியமான இடம் இது: “இத்தனை ஆண்டுகள், இத்தனை ஆயிரம் செல்கள்! கதிர்வீச்சில் வாழும் மக்களுக்கும் வாழாத மக்களுக்கும் எள்ளளவும் வேறுபாடு இல்லை என்று நிறுவியிருக்கிறோம்!”

மாஸ்டர் வாயிலிருந்து குண்டூசிகளை எடுத்துவிட்டுத் தாழ்மையாகக் கேட்டார், “வாழாத மக்கள்னா நீங்கதானுங்களே சார்?”

“ஆமா. நாங்கதான்.” அதில் ஒரு பெருமை.

“உங்க வீட்டுச் சுவத்துலயும் எங்க மணல்தான் இருக்கு. பூச்சுலயும் தரையிலயும். நான் நாற்பது வீட்டுலயும் பாத்துட்டேன். அதான் கேட்டேன், வாழாதவங்க வேற எங்கயாவது இருக்காங்களான்னு.”

இயக்குநர் சிரித்தார். பிறகு பாதிச் சிரிப்பில் நிறுத்தினார். ஜன்னல் பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்தார். சுண்ணாம்பு உதிர்ந்த இடம் காலை வெயிலில் மினுமினுத்துக்கொண்டிருந்தது. அந்த அறையில் அவர் இருபத்தைந்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். அவர் முகம் அவர் போட்டிருந்த கோட்டின் நிறத்துக்கு வந்ததை நான் பார்த்தேன்.

மேடையில் அவர் வரவேற்பைச் சரியாகத்தான் படித்தார். ‘எள்ளளவும் வேறுபாடு’ என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டார். தாளைப் பார்த்தார், கையைப் பார்த்தார், நகக்கண்ணைப் பார்த்தார். ‘அவசர நிர்வாகப் பணி’ என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார். வந்தவர்கள் கைதட்டினார்கள்.

அவர் நேராகப் போனது படிவ அதிகாரியிடம். நானும் மாஸ்டரும் பின்னாலேயே போனோம். கோட்டில் இன்னும் இரண்டு குண்டூசி பாக்கி இருந்தது.

“என்னோட எண்ணிக்கை எவ்வளவு? உடனே எடுங்க.”

படிவ அதிகாரி எழுந்து நின்றார். “ஒப்பீட்டுக் குழுச் சராசரி ஒன்னு புள்ளி ஏழு சார்.”

“சராசரியை வச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்றது? எனக்கு என்னோடது வேணும்!”

அதிகாரி அதற்கும் பதற்றப்படவில்லை. அலமாரியின் அடிக்குக் குனிந்தார். படிவம் ஒன்பது. இயக்குநர் பேனாவைப் பிடுங்கி முதல் மூன்றையும் மடமடவென்று நிரப்பினார். நான்காவது கேள்வியில் பேனா நின்றது. அந்தக் கேள்வியை அவர் இரண்டு தடவை படித்தார்.

“எந்த முட்டாள்யா இந்தக் கேள்வியைப் போட்டது?”

அதிகாரி படிவத்தின் அடியில் இருந்த கையெழுத்தை மரியாதையாகச் சுட்டிக்காட்டினார். அது இயக்குநரின் கையெழுத்து.

இருபத்தைந்து வருஷமாக முடியாதது அன்று பதினேழு நிமிஷத்தில் முடிந்தது. படிவம் ஒன்பதில் நான்காவது கேள்வி நீக்கப்பட்டது. தனிநபர் முடிவுகளை வழங்கலாம் என்று சுற்றறிக்கை தயாரானது. நகல் எடுத்தது நான்தான். அதற்குள் விஷயம் பரவி, ஊழியர் முப்பத்தொன்பது பேரும் வரிசையில் நின்றார்கள். விழாவுக்கு வந்த பிஸ்கட் அப்படியே இருந்தது. ஊழியர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று முதலில் ஒரு யோசனை இருந்தது. ஆனால் எல்லாத் தாளும் ஜோடியாக இருந்தன. ஒருவருக்குக் கொடுத்தால் அடுத்தவருடையதும் கூடவே வரும், பாதியாகக் கிழிப்பதற்கோ தனிப் படிவம் இல்லை. எனவே எங்கள் தெருவுக்கும் கிடைத்தது.

இயக்குநரின் ஜோடி மாஸ்டர். மாஸ்டருக்கு ஆயிரத்துக்கு இரண்டு, இயக்குநருக்கு மூன்று. ஒரு எண்ணிக்கைக்கு அர்த்தமே கிடையாது என்று முக்கால் மணி நேரம் பேசியவர், அந்த ஒன்று ஏன் கூட என்று மாஸ்டரிடம் கேட்டார். கடற்கரையில் நடப்பீர்களா, எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பீர்கள் என்றெல்லாம் குறித்துக்கொண்டார். மாஸ்டர் ஒரு வரியும் காதில் வாங்கவில்லை. அவர் தேடிய தாள் வேறு.

அதை ஸ்லைடு அக்காவே சாயங்காலம் கடைக்குக் கொண்டுவந்தாள். மாஸ்டரின் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையும் வயிற்றின்மேல். தாளை மேஜைமேல் விரித்து, அக்கா மெதுவாகப் புரியவைத்தாள். குரோமோசோம் உடைந்து, உடைந்த முனை இன்னொன்றில் ஒட்டிக்கொள்வதைத்தான் அவர்கள் எண்ணுகிறார்கள்.

“ரெண்டு சட்டையை அடிமடிப்புல சேத்துத் தைச்சுட்டா ரெண்டு பக்கமும் காலர் இருக்கும்ல? பாத்தா அப்படித்தான் இருக்கும். இந்த மாதிரி ஒன்னு ரெண்டு உலகத்துல எல்லார் ரத்தத்துலயும் இருக்கும்மா. கரையே பாக்காதவங்களுக்கும் இருக்கும். அந்த செல்லு ரத்தத்தோட வந்து ரத்தத்தோடயே போயிடும். குழந்தைகிட்ட போறதில்ல.”

“எனக்கு எத்தனைக்கா?”

“ஆயிரத்துல ஒன்னு.”

மாஸ்டர் தாளைக் கையில் வாங்கி, டேப்பில் அளவு பார்ப்பதுபோலக் கட்டை விரலை அந்த ‘1’ மேல் வைத்துக்கொண்டார். மகள் மூச்சை விட்டாள். ஒரு மாதமாக அதை அடக்கி வைத்திருந்தாள் போலிருக்கிறது. பிறகு பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தாள். ஜோடியின் பெயர் இருந்த இடம்.

“இது நீங்களாக்கா? உங்களுக்கு ரெண்டா?”

ஸ்லைடு அக்கா தலையசைத்தாள். “ஆறு வருஷமா நான்தான் எண்ணுறேன். ஸ்லைடுல நம்பர்தான் இருக்கும், பேர் இருக்காது. என்னோடதையும் நானே எண்ணியிருக்கேன். அன்னிக்கு எனக்குத் தெரியல.”

மகள் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்து போய் எதையோ நகல் எடுத்தேன். எதை என்று ஞாபகமில்லை. அந்த நேரத்துக்கு எனக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மகள் மஞ்சள் துணியை மேஜைமேல் நகர்த்தினாள். மாஸ்டர் சாக்குக் கட்டியை எடுத்தார். அளவு என்ன என்று நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன். பார்க்காத உடம்புக்குக் கொஞ்சம் தாராளமாக வெட்ட வேண்டும், வந்த பிறகு அதுவே தன் அளவைச் சொல்லும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டுக் கத்திரியை வைத்தார்.

பெண் குழந்தை. மூன்று கிலோ, சட்டை இரண்டு விரல் தாராளம். வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்த ஒன்பதாவது நாள் ரத்த ஆபீஸிலிருந்து பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. பழைய ஒப்பீட்டுக் குழு கலைக்கப்பட்டதாகவும், மணலுக்கு அதிகம் ஆளாகாத புதியவர்கள் தேவைப்படுவதாகவும், தூரத்து ஊருக்கு வேன் அனுப்ப இன்னும் அனுமதி வராததால், எங்கள் தெருவில் வசித்து ஒன்பதே நாள் ஆன குழந்தையைத் தற்காலிகமாக ஒப்பீட்டுக் குழுவில் சேர்த்துக்கொள்வதாகவும் அதில் இருந்தது. இணைப்பு: படிவம் ஒன்பது, திருத்தியது. கூடவே இரண்டு பிஸ்கட்.

மாஸ்டர் வழக்கம்போலப் பதறிப்போய் என் கடைக்கு ஓடி வந்தார். மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தாள். படிவத்தை என் மேஜைமேல் வைத்து, பேனா கேட்டு வாங்கினாள். பெயர், வயது, முகவரி எதையும் நிரப்பவில்லை. நான்காவது கேள்வி நீக்கப்பட்டதால் அங்கே நல்ல இடம் இருந்தது. அந்த இடத்தில், கரும்பலகையில் எழுதுவதுபோல நிதானமாக, பெரிய எழுத்தில் ஒரே ஒரு வரி எழுதினாள்.

‘இவள் தனிநபர்.’

மூன்று நகல் எடுத்துக் கொடுத்தேன். மூலத்தை அவர்களுக்கு அனுப்பவில்லை; அது தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.